பயணம் சொல்ல வந்த பிள்ளையும் கிம்பர்லி வைத்தியர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆபிரிக்கப் பக்கம் போய் வருகிற ஒருவராவது இருந்தால், இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தான். சாதாரண தரம் வரை என்னிடம் வரலாறு படித்தவன், இப்போது இருபத்திமூன்று வயது. மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மாமாவோடு மொசாம்பிக் போகிறானாம், இன்னும் இரண்டரைக் கிழமையில் பயணம். "சேர், துஆச் செய்ங்க" என்றான். செய்தேன். பிறகு, என்னென்ன கொண்டு போகிறாய் என்று கேட்டேன். மாசிச் சம்பல், தேயிலை, பெனடோல் இரண்டு காட், சித்தாலேப ஒரு டப்பா என்று அடுக்கினான்.

"மலேரியாக் குளிசை?"

சிரித்தான். "நம்மட உடம்பு நுளம்புக் கடிக்குப் பழகினதுதானே சேர். நான் டெங்கு வந்தே பொழச்சவன்."

அவனுக்கு அங்கேயே ஒரு பாடம் எடுத்தேன். அவன் உம்மா அனுப்பிய வட்டிலப்பத்தை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபடியால் அவனுக்கு எழும்பிப் போகவும் வழி இருக்கவில்லை. அன்று சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல, கல்வியியற் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு வந்த ஆசிரியன். ஆகவே இதில் முக்கால்வாசி வரலாறுதான்.

தென் ஆபிரிக்கப் பிரதேசத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விடயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அங்கே போனவர்கள் நோயில் விழுந்திருக்கிறார்கள். போனவர்கள் கொண்டுபோன நோயில் அங்கிருந்தவர்களும் விழுந்திருக்கிறார்கள். இரண்டாவதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1713 பெப்ரவரி. கேப் டவுன் அப்போது ஒல்லாந்தக் கம்பனியின் கையில் இருந்தது. நமது கொழும்பையும் காலியையும் ஆண்ட அதே கம்பனி. கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பல்கள் தண்ணீருக்கும் மரக்கறிக்கும் இறைச்சிக்கும் அங்கே தரிக்கும். அப்படித் தரித்த ஒரு கப்பலின் அழுக்கு உடுப்புகள் கரைக்கு இறக்கப்பட்டன. அவற்றைக் கழுவியவர்கள் கம்பனியின் அடிமைக் கூடத்தில் இருந்தவர்கள். மடகஸ்கார், மொசாம்பிக், இந்தியக் கரைகள், இந்தோனேசியத் தீவுகள், நமது இலங்கை என்று எங்கெங்கிருந்தோ பிடித்து வரப்பட்ட மக்கள் அந்தக் கேப் அடிமைகள். அந்த உடுப்போடு வந்தது பெரியம்மை. ஆறு மாதத்துக்குள் அந்தக் கூடத்தில் ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். பிறகு ஊரிலிருந்த வெள்ளையர்களிலும் பெருந்தொகையானோர் போனார்கள். எல்லோரையும் விட மோசமாக அழிந்தது அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான கொய்கொய் மக்கள். அந்த நோயை அவர்களின் உடம்பு அதற்கு முன் கண்டதே இல்லை. கப்பலில் வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை.

கேப் டவுனும் நாமும் நினைப்பதை விட நெருக்கம். மக்காஸாரின் ஷெய்க் யூஸுஃப் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாந்தனில் ஒல்லாந்தருக்கு எதிராக நின்றதற்காக 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டவர். ஹஜ்ஜுக்குப் போய் வருகிறவர்கள் இங்கே அவரைச் சந்திக்கிறார்கள், எழுத்துகள் கைமாறுகின்றன என்று பயந்த கம்பனி, பத்து வருடம் கழித்து 1694இல் அவரை இன்னும் தூரமாக, நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. 1699இல் அங்கேயே மௌத்தானார். தென்னாபிரிக்காவில் இஸ்லாத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் நாட்டுக் கரையில் பத்து வருடம் வாழ்ந்துவிட்டுப் போன மனிதர்.

அந்தச் சமூகத்துக்கு 1882இல் ஒரு சோதனை வந்தது. கேப் டவுனில் மறுபடியும் பெரியம்மை. அப்போது தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டு எண்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனால் அங்கிருந்த முஸ்லிம்களில் பலர் ஊசியையும் தனிமைப்படுத்தும் வைத்தியசாலையையும் ஏற்கவில்லை. நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோனால் யார் பார்ப்பது, மௌத்தானால் யார் குளிப்பாட்டுவது, யார் கபனிடுவது என்ற கேள்வி அவர்களுக்கு. நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. அதிகாரிகளோ இதைச் சாக்காக வைத்து அந்தச் சமூகத்தையே அழுக்கானவர்கள், பிடிவாதக்காரர்கள் என்று பத்திரிகைகளில் தூற்றும் நிலைக்குப் போனார்கள். அடுத்த வருடம் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி 1886 ஜனவரி 15இல் போ-காப் மேட்டிலிருந்த தானா பாரு மையவாடி மூடப்பட்டது. துவான் குரு அவர்கள் அடங்கியிருக்கும் இடம் அது. இரண்டு நாள் கழித்து, 17ஆந் திகதி, சுமார் 3,000 பேர் ஒரு குழந்தையின் ஜனாஸாவைச் சுமந்துபோய்த் தடையை மீறி அங்கேயே அடக்கினார்கள். பொலிசுடன் மோதல். முன்னின்ற அப்துல் பர்ன்ஸ் கைதானார்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். 2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்களுக்கு என்ன நடந்தது, பிறகு ஓட்டமாவடி வரை எப்படிக் கொண்டுபோய் அடக்கினோம் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: மையவாடி விடயத்தில் கேப் முஸ்லிம்களின் பக்கம் நியாயம் இருந்தது. தடுப்பூசி விடயத்தில் இல்லை. ஒன்றுக்கான கோபத்தை மற்றதில் காட்டியதால் தங்கள் பிள்ளைகளையே இழந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நாமும் இன்னும் சரியாகப் பழகவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது நமது ஊர் ஆட்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கல் வியாபாரம்.

கேப் டவுனில் பெரியம்மை பரவிய அதே நேரத்தில், உள்நாட்டில் கிம்பர்லி என்ற ஊரில் வைரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து கல் வாங்கவும் விற்கவும் ஆட்கள் போய்ச் சேர்ந்த ஊர். 1882இல் கிம்பர்லி புத்தியாக நடந்துகொண்டது. கேப் டவுனிலிருந்து வரும் பாதையில், மொடர் ஆற்றங்கரையில் ஒரு முகாம் போட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் அம்மைப்பால் குத்தியதற்கான அத்தாட்சியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே குத்திக்கொள்ள வேண்டும். பெரிய வியாபாரி, கூலி என்ற பேதமில்லை. அந்த முகாமின் பொறுப்பில் இருந்தவர் ஹான்ஸ் சோவர் என்ற இளம் வைத்தியர். பயணிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அந்தச் சுற்றில் பெரியம்மை ஊருக்குள் வரவில்லை.

1883இன் கடைசியில் நோய் வேறு பாதையால் வந்தது. மொசாம்பிக் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு நடந்து வந்த தொழிலாளர்கள் சிலர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கொப்புளங்களோடு கிடந்தார்கள். வைத்தியர்கள் போய்ப் பார்த்தார்கள். சோவர் பெரியம்மை என்றார். மற்றவர்களில் சிலர் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர் லியண்டர் ஸ்டார் ஜேம்சன், ஊரில் செல்வாக்கான வைத்தியர். பின்னாளில் 1895 கடைசியில் டிரான்ஸ்வால் மீது படை நடத்திப்போய்ச் சரித்திரத்தில் பெயர் கெட்டவரும் இதே ஜேம்சன்தான். இது கொப்புளம் போடும் வேறொரு தோல் நோய் என்று சொல்லி, அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார்கள்.

ஏன்? பெரியம்மை என்று அறிவித்தால் தொழிலாளர்கள் ஓடிவிடுவார்கள். சுரங்க இயந்திரங்களுக்கு விறகும் ஊருக்குச் சாப்பாடும் கொண்டுவருகிற விவசாயிகள் ஊருக்குள் மாட்டு வண்டியைக் கொண்டுவர மாட்டார்கள். சுரங்கம் நிற்கும். வைரத்தின் வியாபாரம் நிற்கும். அதனால் நோயின் பெயரை மாற்றினார்கள். சோவரை ஊரே பகைத்தது. கடைசியில் மறைக்க முடியாமல் போனபோது நோய் முற்றிவிட்டிருந்தது. அடங்குவதற்குள் சுமார் 700 பேர் இறந்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத் தொழிலாளர்கள். ஒரு வருடத்துக்கு முன் மொடர் ஆற்றங்கரையில் ஊசி குத்தி ஊரைக் காப்பாற்றிய அதே கிம்பர்லி இது.

இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொன்னபோது அவன் கேட்டான், "அப்ப ஊசி இருந்தும் செத்தாங்களா சேர்?" ஆமாம் மகன். ஊசி இருந்தது. குத்தத்தான் விடவில்லை.

ஊசி இருந்தும் செத்த கதை இன்னொன்றும் அதே மண்ணில் இருக்கிறது, அதன் வால் நமது மலைநாடு வரை நீள்கிறது. 1899இல் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் யுத்தம் தொடங்கியது. நெருப்புக்காய்ச்சலுக்கு ஊசி அப்போதுதான் வந்திருந்தது, அல்ம்ரொத் ரைட் என்பவர் செய்தது. விரும்பியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். போட்டால் ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் கைவலியும். யார் போடுவார்? மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரில் சுமார் 14,000 பேர்தான் போட்டுக்கொண்டார்கள். 1900 பெப்ரவரியில் மொடர் ஆற்றங்கரையில் சண்டை. செத்த மாடுகளும் குதிரைகளும் மிதந்த அந்த ஆற்றுத் தண்ணீரைத் தாகம் தாங்காமல் சிப்பாய்கள் குடித்தார்கள். அடுத்த மாதம் புளும்பொன்டீன் நகரைப் பிடித்தார்கள். மாதக் கடைசியில் நகரத்தின் நீர் விநியோக நிலையத்தைப் போயர்கள் பிடித்துக்கொண்டார்கள். நகரம் முழுவதும் நெருப்புக்காய்ச்சல். யுத்தம் முடியும்போது அந்தப் படையில் 57,000க்கும் மேற்பட்டோர் அந்தக் காய்ச்சலில் விழுந்து, 8,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். துவக்குச் சூட்டில் இறந்தவர்களை விட நோயில் இறந்தவர்களே அதிகம்.

ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆதர் கொனன் டொயில் ஒரு வைத்தியர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் புளும்பொன்டீனில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்தார். போகும்போது கப்பலிலேயே ஊசி போட்டுக்கொண்டவர். அந்த ஊசியைக் கட்டாயமாக்காமல் விட்டதுதான் பெரிய தவறு என்று பிறகு எழுதினார்.

அந்த யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேரை 1900 ஒகஸ்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானோர் தியத்தலாவையில். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்தார்கள், பலரைக் கொண்டுபோனது அதே நெருப்புக்காய்ச்சல்தான். தியத்தலாவைக்கு மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப் போகும் ஆசிரியர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். அந்தக் கைதிகளில் ஒருவரான எங்கல்பிரெக்ட், பிரித்தானிய அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கி, யால காட்டின் முதலாவது காவல் அதிகாரியானார். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மஞ்சள் காய்ச்சலுக்கு வருவோம். ஆபிரிக்கா என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது இந்த ஊசி ஒன்றுதான், அதுவும் விமான நிலையத்தில் புத்தகம் கேட்பார்கள் என்பதால். இந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் தென்னாபிரிக்காவில், பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மெக்ஸ் தெய்லர், 1899இல் பிறந்தார். அவருடைய தகப்பன் ஆர்னோல்ட் தெய்லர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மிருக வைத்தியர். இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தவர். 1893இல் ஜொஹானஸ்பேர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பெரியம்மைத் தடுப்பு மருந்து செய்து கொடுத்தார். மகன் அமெரிக்கா போய், மஞ்சள் காய்ச்சல் கிருமியோடு வேலை செய்யும்போது தானே அந்த நோயில் விழுந்து தப்பி, 1937இல் அந்தத் தடுப்பூசியை வெளியிட்டார். 1951இல் நோபல் பரிசு. இன்றைக்கும் நம் கையில் ஏற்றுவது அவருடைய அந்த ஊசியின் வழிவந்ததுதான்.

இதில் நம் ஆட்கள் குழம்புகிற ஒரு இடம் இருக்கிறது. தென்னாபிரிக்கா, மொசாம்பிக், சிம்பாப்வே போன்ற நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லை. அப்படியென்றால் ஊசி எதற்கு? நீங்கள் எந்த வழியால் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அடிஸ் அபாபாவாலோ நைரோபியாலோ மாறிப் போகிறவர்கள் பலர். அவை அபாயமுள்ள நாடுகள். அங்கே விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கி தென்னாபிரிக்காவுக்குள் போனால் அத்தாட்சி கேட்பார்கள். அங்கோலாவிலோ நோய் உள்ளேயே இருக்கிறது, 2016இல் பெரிதாகப் பரவியது. ஊசி போட்டு 10 நாள் போனால்தான் அந்த அத்தாட்சி செல்லுபடியாகும். முதல் நாள் போட்டுவிட்டு மறுநாள் பறக்க முடியாது. முன்பு பத்து வருடத்துக்கு ஒரு தடவை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதி மாறிவிட்டது. பழைய மஞ்சள் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள்.

நமது நாடு அபாயமுள்ள நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்த அத்தாட்சியைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிற நுளம்பும் நமது டெங்கு நுளம்பும் ஒன்றுதான். அந்த நோய் ஆசியாவில் இதுவரை வேரூன்றவில்லை. ஆனால் காவுகிற நுளம்பு நமது வீட்டுக் கூரைப் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் தயாராக இருக்கிறது. உங்கள் கையில் குத்துகிற ஊசி உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும்தான்.

சரி, மலேரியா. பிள்ளை சிரித்தானே, அந்த இடம்.

"பழகின உடம்பு" என்ற நம்பிக்கை பழையது. சாம்பேசி ஆற்றுப் பக்கம் போன ஐரோப்பியர்களுக்கு நோய் எப்படி வருகிறது என்றே அப்போது தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றென்று நினைத்தார்கள். டேவிட் லிவிங்ஸ்டன் கொயினாவோடு பேதி மருந்துகளையும் சேர்த்து உருட்டிய குளிசைகளைத் தன் ஆட்களுக்குக் கொடுத்தார், அதனால் பலர் தப்பினார்கள். ஆனாலும் அவருடைய மனைவி மேரி 1862 ஏப்ரலில், இன்றைய மொசாம்பிக்கில் உள்ள ஷுபங்கா என்ற இடத்தில் அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். மேரி ஆபிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். "பழகின உடம்பு" என்று யாரையாவது சொல்வதென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் கழித்து இன்னொரு பயணத்தில் கூட வந்த சிலர் லிவிங்ஸ்டனின் மருந்துப் பெட்டியோடு ஓடிவிட்டார்கள். தனக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது போல இருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதிவைத்தார். நுளம்புதான் காரணம் என்று ரொனால்ட் ரொஸ் கண்டுபிடித்தது 1897இல்.

நம்முடைய கதை என்ன? 1934, 35 மலேரியாவில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நமது மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள், ஒரு வீட்டில் இரண்டு மூன்று ஜனாஸா. பிறகு டீடீடீ அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள். எல்லாம் முடிந்தது என்று கையை விட்டார்கள். 1968, 69 ஆகும்போது ஐந்து இலட்சத்துக்கும் மேல். மறுபடி அரை நூற்றாண்டு பாடுபட்டு, 2012 ஒக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளி, 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற அத்தாட்சி. இதற்காக எத்தனை பொதுச் சுகாதார உத்தியோகத்தர்கள் வன்னியிலும் மொனராகலையிலும் காடு மேடெல்லாம் அலைந்திருப்பார்கள்.

நோய் போய்விட்டது, ஆனால் அதைக் காவும் நுளம்பு போகவில்லை. 2018 கடைசியில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது. உடனே மடக்கிப் பிடித்தார்கள். மலேரியா இனி நமக்கு வருவதென்றால் வெளிநாடு போய் வருகிற ஆட்களின் இரத்தத்தில்தான் வரும். 1998இல் மடகஸ்காரில் இலகாகா பக்கம் நீலக்கல் கிடைத்த நாளிலிருந்து, 2009இல் மொசாம்பிக்கின் மொன்டெபுவேசில் சிவப்புக்கல் கிடைத்த நாளிலிருந்து, நமது பேருவளைப் பக்கத்து ஆட்கள் போகாத சந்தை இல்லை. அது நமக்குப் பெருமை. ஆனால் 1713இன் அந்த உடுப்பு மூட்டை நம் கையிலும் வந்துவிடக் கூடாது.

டெங்கு வந்து பிழைத்த உடம்புக்கும் மலேரியாவுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நோய் வேறு, கிருமி வேறு. மொசாம்பிக் பக்கம் இருப்பது மூளையைத் தாக்கி ஆளை விழுத்தும் பொல்லாத வகை. நாம் கேள்விப்பட்ட பழைய குளோரோகுயின் அதற்கு இப்போது கைகொடுக்காது. வேறு குளிசைகள் இருக்கின்றன. சிலவற்றைக் கிழமைக்கு ஒன்று, போவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். சிலவற்றைத் தினமும் எடுக்க வேண்டும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை வைத்தியர்தான் சொல்வார், வலிப்பு, மன நோய் போன்றவை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் எடுக்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கியதும் குளிசைக் காட்டைக் குப்பையில் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கத்தில் இந்தக் குளிசைகளை இலவசமாகவே தருகிறார்கள். மாவட்டங்களில் பிராந்திய மலேரியா அதிகாரியின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். குளிசை எடுத்தாலும் நுளம்பு வலையும் நீளக் கை உடுப்பும் வேண்டும், இந்த நுளம்பு இரவில் கடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாநா மடகஸ்காரிலிருந்து வந்து இரண்டாவது கிழமை காய்ச்சலில் விழுந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். குருதிச் சிறுதட்டு குறைந்திருக்கிறது, டெங்கு என்றார்கள். மலேரியாவிலும் சிறுதட்டு குறையும். எங்கே போய் வந்தீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நாநாவும் சொல்லவில்லை. பிறகு ராத்தாவிடம் விசாரித்தபோது, போன விடயம் வெளியே தெரிந்தால் கொண்டுவந்த கல்லைப் பற்றிக் கதை வரும் என்று பயந்தாராம். நான்காம் நாள் பேச்சுக் குழம்பத் தொடங்கியது. அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கிட்டடியில வெளிநாடு எங்கயாவது போனீங்களா?" இரண்டு மணித்தியாலத்துக்குள் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், நாநா பிழைத்தார். ஆனால் அந்த நான்கு நாளும் அவரைக் கடித்த நுளம்புகள் எங்கள் வீடுகளிலும் இருந்தவைதான்.

கிம்பர்லியில் வைத்தியர்கள் வியாபாரத்துக்காக நோயை மறைத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் நோயாளியே மறைத்தார். ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது வந்து பல மாதம் கழித்து என்றாலும், வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது போன நாட்டின் பெயரை. கல்லைப் பற்றி வைத்தியர் கேட்க மாட்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, ஏற்பு வலி, சின்னமுத்து ஊசிகள் சரியாக இருக்கின்றனவா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மலாவியில் 2022இல் பிடிபட்ட போலியோக் கிருமி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பயணியோடு போனது, ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். கிட்டிய வருடங்களில் மலாவி, சாம்பியா, சிம்பாப்வே, மொசாம்பிக் எல்லாவற்றிலும் கொலரா பெரிதாகப் பரவியது, கொதித்தாறிய தண்ணீர், இல்லாவிட்டால் மூடி உடைக்காத போத்தல். மலாவி ஏரி, கரிபா ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் குளிக்க இறங்காதீர்கள். நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா என்ற புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அதற்கு ஊசி கிடையாது. நாய் கடித்தால் ஊருக்கு வந்து பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அங்கேயே காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஊசியைத் தொடங்குங்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் யாரும் போவதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை. வியாபாரப் பயணத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

நேற்று மஃரிபுக்குப் பிறகு அந்தப் பிள்ளை தொலைபேசியில் எடுத்தான். நாரஹேன்பிட்டிக்குப் போய்க் குளிசை எடுத்துவிட்டானாம். அடிஸ் அபாபாவால் போவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலும் விசாரித்திருக்கிறான். மாமாவையும் கூட்டிக்கொண்டுதான் போனானாம். மாமா பத்து வருடமாகக் குளிசை இல்லாமலே போய் வருகிறவர், முதலில் வாகனத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாராம். "கிம்பர்லிக் கதையச் சொன்னன் சேர், எறங்கிட்டார்" என்றான்.

இதை வாசிக்கிற வைத்தியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏதும் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்துகிறேன். குடும்பக் குழுக்களில் பகிர்வதென்றால் தாராளமாகப் பகிருங்கள், என் பெயர் போட வேண்டிய அவசியமில்லை. பயணம் போக இருக்கிறவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள், அவர்கள் இவ்வளவு நீளப் பதிவை இங்கே வந்து வாசிக்க மாட்டார்கள்.